மூன்றாம் காம்பராவும் ஒரு கடுதாசியும்

காணித் தரகன் விற்பதில் பாதி விற்பவனுக்குச் சொந்தமில்லாதது: எதிர்மலை, காலைப் பனி, பின்னேர வெயில். பதுளையில் ஒரு துண்டுக் காணிக்காக என்னைப் போன்ற ஒருவனின் பின்னால் செருப்புத் தேய நடந்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள்.

ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள சரிவில் இருப்பவர்களுக்கு முன்பெல்லாம் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இப்போது அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த கோப்பிக் கடை வந்துவிட்டது. அதற்கும் மேலே டவுன் வியாபாரி ஒருவருக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம் இருந்தது. தேயிலை போய், தொழிலாளர் குடியிருந்த லயம் மட்டும் மிஞ்சியது. குடும்பத்துக்கு ஓர் அறையாக எட்டுக் காம்பரா. வியாபாரி இறந்ததும் கொழும்பிலிருக்கும் மகன் விற்றுத் தரச் சொன்னார். ஏழு குடும்பங்கள் அவர் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு போய்விட்டன. மூன்றாம் காம்பராவில் பாக்கியம் அக்கா இருந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. நான் போன முதல்நாளே சொல்லிவிட்டார்:

“இந்த ஒரு காம்பராவ மட்டும் எம் பேருக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க தம்பி. மிச்சத்த யாருக்கு வேணும்னாலும் வித்துக்கங்க.”

எட்டுக் கமெரா

வாங்க வந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா போய்த் தலை நரைத்தவர். மலைநாட்டில் ஓர் இடம் வாங்கி, வெள்ளைக்காரருக்கு நாள் வாடகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய ஓய்வுக்காலத் திட்டம். முதலில் தொலைபேசியில்தான் பேசினோம். பெரிய காணி, பக்கத்தில் ரயில், எதிரே மலை என்று வழக்கமான பாட்டைப் பாடி முடித்து, “எட்டுக் காம்பராவும் இருக்குங்க” என்றேன்.

 மறுபக்கத்திலிருந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: “எட்டுக் கமெரா பூட்டுற அளவுக்கு அங்க களவு கூடவோ தம்பி?”

கரி

அடுத்த மாதம் மனைவியோடு நேரில் வந்தார். ஏழு காம்பராவும் காலியாகக் கிடந்தன. தகரம் ஒழுகியது, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. இருவருக்கும் எல்லாமே பிடித்துப்போயிற்று. அந்த வெடிப்பு அப்படியே இருக்க வேண்டும், அந்தத் தாழ்ந்த வாசல் அப்படியே இருக்க வேண்டும், குழாயில் மட்டும் வெந்நீர் வர வேண்டும். ஏழு தலைமுறை ஓடித் தப்ப நினைத்த ஓர் இடத்துக்கு ஒருவர் விமானம் பிடித்து வந்து மயங்குவதை நான் முன்பின் பார்த்ததில்லை.

மூன்றாம் காம்பராவில் பாக்கியம் அக்கா அடுப்படியில் நின்றார். கனடாக்காரரின் மனைவி உள்ளே குனிந்து போய், அடுப்புக்கு மேலிருந்த சுவரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் கறுப்பு ஒட்டியது. “இது ஒறிஜினல் கரியோ?” என்றார்.

பாக்கியம் அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “ஆமாங்க, நேத்து வச்ச கொழம்புதான்.”

வரைபடம்

நில அளவையாளர் இரண்டு நாள் சங்கிலி இழுத்தார். வரைபடம் வந்ததும் நான் அதைப் பாக்கியம் அக்காவின் வாசலில் விரித்தேன். காட்டியிருக்கத் தேவையில்லை. ஆனால் தரகனுக்கு வரைபடத்தைக் கண்டால் விரிக்காமல் இருக்க முடியாது.

ஓடை இருந்தது. கோப்பிக் கடையின் எல்லை இருந்தது. முருங்கை மரத்துக்குக்கூட ஒரு வட்டம் போட்டிருந்தது. லயத்தின் மேல் ‘பழைய கட்டடம்’ என்று எழுதியிருந்தது. அக்கா தன் அவரைக்கொடிப் பந்தலைத் தேடினார். அது ‘புதர்’ ஆகியிருந்தது. “இதுல நாம எங்கங்க இருக்கோம்?” என்று கேட்டார். நான் எதையோ சொல்லி மழுப்புவதற்குள், எல்லையைச் சரிபார்க்க வந்து கம்பை மடக்கிக்கொண்டிருந்த அளவையாளர் திரும்பினார். கெட்ட மனிதரல்ல; தொழிலில் துல்லியமானவர்.

“ஆளுங்களுக்குப் போட பிளான்ல அடையாளம் கிடையாதும்மா.”

கடுதாசி

அதன்பிறகுதான் அக்கா அந்தக் கடுதாசியை எடுத்தார். முருகன் படத்தின் சட்டத்துக்குப் பின்னால், பொலித்தீன் உறைக்குள் இருந்தது. இறந்துபோன பழைய முதலாளி தன் கையால் எழுதி, கடை முத்திரை குத்தியிருந்தார். ‘மூன்றாம் காம்பராவில் ராமையாவும் அவர் பிள்ளைகளும் இருக்கலாம்.’ ராமையா, அக்காவின் அப்பா. அந்த ஒரு வரியை அவருடைய குடும்பம் காணி உறுதிப்பத்திரமாகவே நினைத்துப் பாதுகாத்து வந்திருக்கிறது. காற்றுமழைக்குக் கூரை பறந்தபோது, பாத்திரங்களை எடுப்பதற்கு முன் அந்தப் படத்தைத்தான் வெளியே தூக்கினார்களாம்.

எனக்கும் சந்தோஷம். முதலாளியின் கையெழுத்தே இருக்கிறது, மகன் மறுக்க மாட்டார், ஒரு காம்பராவை எழுதிக் கொடுத்துவிட்டால் என் வேலையும் சுலபமாக முடியும். அக்காவிடம் கேட்டு வாங்கி, டவுனில் போட்டோக்கொப்பி எடுத்து, இந்த விற்பனைக்கு உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கொண்டுபோனேன். இரண்டு கொப்பி. ஒன்றுக்கு இரண்டாக எடுத்த என் புத்தியை என்ன சொல்வது.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருதரம்தான் வாசித்தார். பிறகு சட்டத்தைச் சொன்னார். யாருடைய அனுமதியும் இல்லாமல், தன் சொந்தம் போல ஒருவர் பத்து வருசம் ஓரிடத்தில் இருந்தால், அது தனக்கே உரியது என்று வழக்காடலாம். அனுமதியோடு இருந்தவருக்கு அந்த வழி இல்லை. ‘இருக்கலாம்’ என்பது அனுமதி. அந்தக் கொப்பியை அவர் பத்திரமாகக் கோப்பில் வைத்தார்.

“நல்ல வேலை செஞ்சீங்க. இந்தக் கடுதாசி மட்டும் இல்லாட்டி நமக்குத்தான் கரைச்சல்.”

திருட்டு

இதை அக்காவிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் போய்ச் சொன்னேன். சட்டத்தை விளக்குவதுபோல, யாரோ மூன்றாம் மனிதருக்கு நடந்ததுபோல, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எழுந்து வந்திருக்கலாம். கடைசி பீன்ஸை ஒடித்துச் சட்டியில் போட்ட பிறகுதான் தலையைத் தூக்கினார்.

“அப்ப எங்கப்பா யாருகிட்டயும் கேக்காம திருட்டுத்தனமா குடியிருந்திருக்கணுமா தம்பி?”

பெயர்ப்பலகை

காணி கை மாறிவிட்டது. வாசலில் மரப்பலகை தொங்குகிறது. அதில் ஆங்கில எழுத்தில் ‘காம்பரா’. கமெரா என்று கேட்டவருக்கு இப்போது அந்தச் சொல் பிடித்துவிட்டது. ஏழு காம்பராவுக்கும் பழசாகத் தெரியும் புதுச் சாயம் அடித்தாகிவிட்டது. மூன்றாவதில் மட்டும் காலையில் புகை எழுகிறது. தங்க வருபவர்கள் அதைப் படம் பிடிக்கிறார்கள். வெளியேறச் சொல்லி இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டையும் அக்கா முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். இனி வழக்குத்தான். சாட்சிக்கு நானும் போக வேண்டியிருக்கும், நான் கொடுத்த கொப்பியைப் பற்றிச் சொல்ல.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மூன்றாம் காம்பரா வாசலில் நிற்கும்போது கனடாவிலிருந்து அழைப்பு. “அந்த மனுசி இன்னும் உள்ளுக்கதான் இருக்கிறாவோ?” என்று அவர் கத்தினார். தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, என்ன சொல்லட்டும் என்று அக்காவைப் பார்த்தேன். அவர் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தார். கண்ணில் புகைத் தண்ணீர். வாயில் சிரிப்பு.

“இருக்கலாம்னு சொல்லுங்க.”

எதிர்மலை, பனி, வெயில் என்று எனக்குச் சொந்தமில்லாத அத்தனையையும் விற்ற எனக்கு, அந்த ஒரு சொல்லை மட்டும் அதன் சொந்தக்காரியிடமிருந்து கனடாக்காரருக்கு வாங்கிக் கொடுக்க முடியவில்லை.