செவப்பு பவுடரும் மேனேஜர் மேஜைக்குப் போன டைரியும்

கம்பெனிய பத்தி எழுதச் சொல்லி எஸ்தர் அக்காவ நான் தூண்டி விட்டேனா சார்? கிளாஸ்ல எல்லார் எதுருலயும் சொன்னீங்க இல்ல, இப்ப நானும் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுறேன். டைரி ஆராய்ச்சின்னா இன்னா? ஜனங்க கைல ஒரு நோட்டக் குடுத்து, இன்னா சாப்ட்டீங்க, எங்க வலிக்குதுன்னு தெனம் எழுத வச்சு, அப்புறம் எழுதினவங்களையே சந்தேகப்படுறது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்ல எறங்கி, நோட்டுங்கள தூக்கினு ஊடு ஊடா ஏறி எறங்கின என் கூட்டாளிங்களே, உங்களுக்கும் சேத்துதான் பேசுறேன்.

காலை, பகல், இரவு

நோட்டுல ஒட்டுன சைக்ளோஸ்டைல் தாள்ல மூணு கட்டம் போட்டது நீங்க. முனுசாமி அண்ணன் இரும்பு உருக்குற ஷெட்டுல நைட் ஷிப்டு. அவரு தாள்ல பாதி காலி. ‘அக்கறை இல்லாத ஆளு’ன்னு ஓரத்துல எழுதி வச்சீங்க. நான் நேர்ல போய் கேட்டேன். ஷிப்டு முடிச்சுட்டு வந்து, கண்ணு எரிய வாசல்ல நின்னுக்கினு சொன்னாரு: “நீ காலைன்னு போட்டுக்கற நேரத்துல நான் ராத்திரி சோறு துன்றேன். அத எந்த கட்டத்துல எழுதறதுன்னு உங்க வாத்தியாரு ஒரு நைட் ஷிப்டு பாத்துட்டு வந்து சொல்லட்டும்.”

இருமல் இல்லாத டைரி

எஸ்தர் அக்காவுக்கு பெயிண்ட் கம்பெனில செவப்பு பவுடர மூட்டை கட்டுற வேலை. மொத வாரம் பூரா ‘நல்ல சுகம்’னே எழுதியிருந்தாங்க. அத என் கைல குடுக்கறப்பவே மூச்சு முட்ட இருமுறாங்க. இன்னாக்கா, இருமல எழுதவே இல்லியேன்னு கேட்டேன். டம்ளர என் பக்கம் தள்ளிக்கினே கேட்டாங்க: “ஊடு தேடி வர்ற பொண்ணுக்கு டீ குடுப்பாங்களா, சளிய எடுத்து காட்டுவாங்களா?”

கேட்டுல நிறுத்தினது

எங்கள தவிர யாரும் படிக்க மாட்டாங்க, உள்ளத எழுதுங்கக்கான்னு சொன்னேன். நீங்க சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன். இதுக்குப் பேரா தூண்டி விடுறது? அக்கா நம்பி எழுதினாங்க: ‘சளி செவப்பா வந்துச்சு. ரத்தம்னு ஊட்டுக்காரரு அழுதுட்டாரு. பவுடர்தான்.’

டைரி எழுதறவங்கள வச்சு கூட்டம் போட பெயிண்ட் கம்பெனி கேன்டீன் குடுத்தாங்கன்ற மரியாதைக்கு, அந்த டைரிங்க எல்லாத்தையும் கம்பெனி மேனேஜர் மேஜைல வச்சுட்டு வந்தது நீங்க. டிபார்ட்மென்ட்ல நீங்களே பெருமையா சொன்னது. பேரு போடல, நம்பர்தான்னு இப்ப சொல்றீங்க. அந்த கம்பெனில செவப்பு பவுடர் கட்டுற பொம்பள ஒருத்திதான் சார். அப்புறம் நம்பர் இன்னாத்துக்கு?

திங்கக்கெழம அக்காவ கம்பெனி கேட்டுலயே நிறுத்தி, கம்பெனிய பத்தி எழுதறவளுக்கு இங்க வேலை இல்லன்னு அனுப்பிட்டாங்க. நான் அக்கா ஊட்டுக்கு ஓடினேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டியிருந்தா தேவல. மெதுவா ஒண்ணு கேட்டாங்க: “நீ படிக்கறதுக்குதானே பாப்பா எழுதினேன், அது எப்புடி அவங்க கைக்குப் போச்சு?”

எனக்குப் பதில் தெரியும். ஆனா சொல்ல வேண்டிய ஆளு நான் இல்ல. வர்ற வெள்ளிக்கெழம டிபார்ட்மென்ட் ஹாலுக்கு அக்காவ கூட்டினு வர்றேன். ஊரு ஜனத்தையெல்லாம் தெனம் தெனம் உள்ளத எழுதச் சொன்ன நீங்க, ஒரே ஒரு நாளு, அந்த பொம்பள மூஞ்சிய பாத்து, எல்லார் எதுருலயும் உள்ளத சொல்லுங்க சார்.