மூன்றாம் நம்பர் பால் பவுடர்

படிக்கத் தெரியாததைப் படித்தவள்போல நடித்தேன். அதனால் ஒரு கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தது. பழியை மல்லிகா என்ற பெண்ணின் தலையில் இறக்கிவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன்.

இவ்வளவுதான் என் குற்றம். மூன்று வரிகளில் அடங்கிவிட்டது பாருங்கள்! இந்த மூன்று வரிகளைச் சொல்வதற்குத்தான் எனக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் பொறாமைப்பட்டதைச் சொல்லியிருக்கிறேன். மாமியாரை மனத்துக்குள் சபித்ததைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் மன்னிப்புக் கிடைத்துவிடும்... எனக்குக் கிடைத்து என்ன பயன்? மல்லிகாவுக்கு அதனால் என்ன மாறப்போகிறது? ஆகவே உங்களிடம் சொல்கிறேன். உங்களால் என்னை மன்னிக்க முடியாது. அந்த அதிகாரம் உங்களுக்கில்லை.

எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தது. துறைமுகத்தை ஒட்டிய கல்மண்டபம் பகுதியில் கயிறு, வலை மொத்த வியாபாரம். நான் மட்டும் கடையில் உட்காராமல், துறைமுகச் சரக்குகளுக்கான தாள்களைத் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். எந்தெந்த நாட்டு மொழியிலோ அச்சான தாள்கள் என் மேசைக்கு வரும். எண்களையும் முத்திரைகளையும் பார்த்து வேலையை முடித்துவிடுவேன். அதனால் எனக்குப் பல மொழிகள் வாசிக்கத் தெரியும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

என் அக்கா ஜெர்மனியில் நர்ஸ். என் மகன் பிறந்தபோது எனக்குப் பால் போதவில்லை. ஊருக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் பால் பவுடர் கொடுத்தனுப்பினாள். அட்டைப் பெட்டி, உள்ளே வெள்ளி நிறப் பை. பெட்டியின் மேல் ஒரு பசு, ஒரு பச்சை இலை. அந்த ஊர்ப் பசு உரம் போடாத புல்லைத்தான் மேயுமாம். பூச்சிமருந்து பட்ட தீவனம் எதுவும் கொடுக்க மாட்டார்களாம். அக்கா தொலைபேசியில் சொன்னாள். நான் அலுவலகம் முழுவதும் சொன்னேன்.

“நம்ம ஊர் மாடு கொடுங்கையூர்க் குப்பையில பிளாஸ்டிக் கவர் தின்னுது. அந்தப் பாலைத்தானே டப்பாவில அடைச்சு விக்கிறான்!”

எத்தனை பேரிடம் இப்படிப் பேசியிருப்பேன்! நம் ஊர் டப்பாக்களுக்கான பால் எந்த ஊரிலிருந்து வருகிறது, யார் சோதிக்கிறார்கள்... எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயன்றதில்லை. வெளிநாட்டுப் பெட்டி என் வீட்டில் இருந்தது; அடுத்தவள் வீட்டில் இல்லை. எனக்கு வேண்டிய ஒப்பீடு அவ்வளவுதான்.

கௌதமி எனக்கு அடுத்த இருக்கை. வியாசர்பாடி வீட்டுவசதிக் குடியிருப்பில் கணவனோடும் அவன் தங்கை மல்லிகாவோடும் இருந்தாள். குழந்தை பிறந்து விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இரவில் தாய்ப்பால், பகலில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய உள்ளூர் டப்பாப் பால். அதைக் கலக்கிக் கொடுப்பது மல்லிகாவின் பொறுப்பு.

ஒரு சனிக்கிழமை குழந்தையை அலுவலகத்துக்குத் தூக்கி வந்தாள். மேகலா என்று பெயர், நான்கு மாதம். உருண்ட கன்னம், மடிப்பு விழுந்த தொடை. என் மகன் அப்போது ஓயாத சளியில் எலும்பும் தோலுமாக இருந்தான். எங்கள் மேலாளர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுச் சிரித்தார்.

“என்னம்மா, உங்க ஜெர்மன் பால் குடிச்ச பையனைவிட வியாசர்பாடிப் பொண்ணு தளதளன்னு இருக்காளே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே ஒன்று சுருக்கென்று தைத்தது. அது என்ன? ஒரு சிசுவின் மேல் பொறாமையா? இல்லை... எனக்குக் கொடுக்கிறவளாக இருக்க வேண்டும். கௌதமி என்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறவளாக இருக்க வேண்டும். அந்த வரிசை கலைந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம், வீட்டில் மிஞ்சியிருந்த ஒரு பெட்டியைக் கொண்டுபோய் எல்லோர் முன்னிலையிலும் அவள் மேசைமேல் வைத்தேன். என் மகன் அதற்குள் சோறு தின்னத் தொடங்கியிருந்தான்.

“இன்னாக்கா இது, இம்மாம் காஸ்ட்லி சாமானு... வோணாம்க்கா. கொயந்திக்கு அந்த டப்பாப் பாலே நல்லா ஒத்துக்கினு கீது.”

“ஒத்துக்கிறது வேற, ஒசத்தி வேற. பெரியவளானதும் வித்தியாசம் தெரியும் பாரு.”

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மூணுன்னு பெருசாப் போட்டுக்கீதே, இன்னாக்கா அது?”

இந்த இடத்தில் நில்லுங்கள். இதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

அக்கா முன்பே சொல்லியிருந்தாள். முதலில் ஒன்றாம் நம்பர், பிறகு இரண்டு. மூன்றாம் நம்பர் பத்து மாதம் நிரம்பிய பிள்ளைக்குத்தான். எனக்கு அது மறந்துவிட்டது என்றுதான் பல ஆண்டுகள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை! கௌதமி கேட்ட அந்தக் கணத்தில் அக்காவின் குரல் தெளிவாகவே வந்து நின்றது. சுற்றிலும் ஆட்கள். கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் எப்படியிருக்கும்? பெட்டியை வாங்கி, ஜெர்மன் எழுத்துகளின் மேல் கண்ணை ஓட்டினேன். வாசிப்பவள்போல உதட்டைக்கூட அசைத்தேன்.

“மூணாம் நம்பர்னா மேல் தரம். இருக்கிறதிலேயே ஒசந்தது.”

அன்று மாலை அவள் வீட்டுக்கும் போனேன், கலக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க. மல்லிகாவுக்கு இருபது வயதிருக்கும். பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். எத்தனை கரண்டி என்று கேட்டாள். எனக்கு என் மகனின் கணக்கு ஒன்றுதான் தெரியும். அவன் குடித்தது பெரிய பாட்டில். அவள் கையிலிருந்தது சின்னது.

“ஏழு போடு,” என்றேன்.

“இந்த பாட்டிலுக்காக்கா? அந்த டப்பாவுல மூணுதான போடுவேன்?”

“அது நம்ம ஊர் பவுடர். இது வேற. கெட்டியா இருந்தாத்தான் சத்து.”

அவள் தலையாட்டினாள். நம்பினாள்.

அக்கினி நட்சத்திர வெயில். குழந்தை அந்தக் கெட்டிப் பாலைக் குடித்தது; தாகத்தில் அழுதது. பசி என்று நினைத்து மல்லிகா மறுபடியும் அதையே கொடுத்தாள். “வெளிக்கே சரியாப் போவலக்கா, ஒண்ணுக்கும் கொஞ்சமாத்தான் போவுது,” என்று கௌதமி அலுவலகத்தில் கவலைப்பட்டாள். புதுப் பால், பழக நாளாகும் என்றேன். என் குரலில் ஒரு மருத்துவரின் நிதானம் இருந்தது!

ஒரு மதியம் அலுவலகத்துக்குப் போன் வந்தது. குழந்தைக்கு வலிப்பு.

அரசு ஆஸ்பத்திரியில் மேகலாவின் தலையில் ஊசி ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். கௌதமி கட்டிலைவிட்டு நகரவில்லை. சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வெளியே வந்து, என்ன பால் கொடுத்தீர்கள், அந்த டப்பாவைக் கொண்டுவாருங்கள் என்றார். நான் போய் எடுத்து வருகிறேன் என்று முந்திக்கொண்டேன். எல்லோருக்கும் அது உதவியாகத்தான் தெரிந்தது.

கௌதமியின் சமையலறை அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. என் அட்டைப் பெட்டி; கொஞ்சம் மிச்சமிருந்த அவர்களுடைய பழைய டப்பா. அந்த டப்பாவைத் திருப்பினேன். எந்த வயதுக்கு எத்தனை கரண்டி, எவ்வளவு தண்ணீர் என்று ஆங்கிலத்திலேயே கட்டம் போட்டு அச்சிட்டிருந்தார்கள். தாய்ப்பாலே சிறந்தது என்று மேலே பெரிய எழுத்தில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரிந்த மொழி! அன்றுதான் முதன்முதலாக வாசித்தேன்.

பிறகு டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அட்டைப் பெட்டியைக் கிழித்து, பவுடர்ப் பையோடு சேர்த்துத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். என் கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரலாம்... நடுங்கவில்லை.

டாக்டரம்மா வராந்தாவில் நின்று டப்பாவைப் பார்த்தார்.

“இது சரியான பவுடர்தான். கலக்கினதுதான் தப்பா இருக்கணும். ரொம்பக் கெட்டியாக் குடுத்தா உடம்புல உப்பு ஏறிடும், நீர் வத்திடும்.”

“ஃபாரின் பவுடர் குடுத்திருந்தா...” என்று இழுத்தேன். எதற்காகக் கேட்டேன்? இன்றும் தெரியவில்லை.

“எதுவா இருந்தாலும் வயசுக்கு ஏத்ததா, அளவாக் கலக்கியிருந்தாப் போதும்மா. மாடு எந்தப் புல்லத் தின்னுச்சுங்கறதா இப்ப முக்கியம்?”

உள்ளே போய், யார் பால் கலக்கியது என்று கேட்டார். மல்லிகா முன்னால் வந்தாள். எத்தனை கரண்டி என்றார். ஏழு என்றாள். டாக்டரம்மாவின் முகம் மாறியது. “இவ்வளவு சின்னக் குழந்தைக்கா?” என்று அதட்டினார்.

“இந்தக்கா சொன்ன கணக்குக்குத்தான் போட்டேன்,” என்று மல்லிகா என்னைக் காட்டினாள்.

கௌதமி திரும்பிப் பார்த்தாள். மல்லிகாவின் அண்ணனும் திரும்பிப் பார்த்தான்.

“மூணுன்னுதானே சொன்னேன் மல்லிகா?” என்றேன். மிக மென்மையாகச் சொன்னேன்.

“இல்லக்கா... ஏழுன்னு...” அவள் நிறுத்தினாள். என்னோடு சண்டைக்கு வந்திருந்தால் நான் உடைந்திருப்பேனோ என்னவோ. அவள் சண்டை போடவில்லை. தன் நினைவுக்குள்ளே தேடினாள். நான் பொய் சொல்வேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. “மூணா சொன்னீங்கோ?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள்.

அந்த ஜெர்மன் பவுடரையும் டாக்டரம்மா பார்த்தார்களா என்று கௌதமி பிறகு என்னிடம் கேட்டாள். பார்த்தார்கள், இரண்டுமே நல்லது என்று சொன்னார்கள், பெட்டியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள் என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் வைத்தியம் மாறியிருக்குமா? இல்லை, அதே வைத்தியம்தானா? எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்க முடியாத கேள்வி அது.

மேகலா பிழைத்தாள். நடக்கத் தாமதம், பேசத் தாமதம். வலிப்பு மாத்திரை நெடுங்காலம் தொடர்ந்தது. அண்ணன் மல்லிகாவை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. “கொயந்திய அவ கைல குடுக்காத” என்று மனைவியிடம் சொன்னான், அவ்வளவுதான். ஒரே வீட்டுக்குள் அதைத் தாங்கிக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? சடையங்குப்பத்தில் ஓர் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே மணமும் முடிந்தது.

கௌதமிக்கு என்மேல் நன்றி. “நீங்க கூட இல்லாங்காட்டி நான் இன்னா பண்ணிருப்பேன்க்கா,” என்பாள். தலை குனிந்துகொள்வேன். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டாள்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு பெருமழை. சடையங்குப்பத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ரொட்டியும் போர்வையும் கொண்டுபோனார்கள், நானும் போனேன். அங்கே மல்லிகா இருப்பாள் என்று தெரிந்தேதான் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

கட்டிலின் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தி, அதன்மேல் மகனோடு உட்கார்ந்திருந்தாள். பையனுக்குக் காய்ச்சல், உடம்பு அனலாகக் கொதித்தது. மருத்துவ முகாமில் கொடுத்த மருந்து பிரிக்கப்படாமல் பக்கத்திலேயே இருந்தது.

“மருந்து இருக்கே, ஏன் குடுக்கல?”

“அவுரு வேலைல இருந்து வரட்டும்க்கா. அவுருதான் ஊத்திக் குடுப்பாரு.” கொஞ்சம் சிரித்தாள். “எனக்கு அளவு வராதுக்கா. ஒங்களுக்குத்தான் தெரியுமே.”

நீச்சல் வராது என்று ஒருத்தி சொல்வதைப்போலச் சொன்னாள். வருத்தம்கூட இல்லை. தன்னைப் பற்றித் தெரிந்துகொண்ட ஓர் உண்மை அது அவளுக்கு. அந்த உண்மையைச் செய்து கொடுத்தவள் நான்!

சொல் வாய்வரை வந்தது. ஏழு என்றுதான் சொன்னேன் மல்லிகா... நீ சரியாகத்தான் கேட்டாய். இவ்வளவுதானே? பையன் முனகினான். நான் சீட்டைப் பார்த்து மருந்தை ஊற்றி அவன் வாயில் புகட்டினேன்.

“நல்ல நேரத்துக்கு வந்தீங்கோக்கா,” என்றாள்.

போர்வையைக் கொடுத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மணலி வழியாகப் பேருந்து போகிறது. மகன் வளர்ந்துவிட்டான், இப்போது அவனுக்கு அடுத்து ஒரு பெண்குழந்தை இருக்கிறதாம். உங்களிடம் முழுவதையும் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. இன்று மாலையும் அந்தக் குழந்தைக்குச் சோறு பிசைவதற்குமுன், உப்புச் சரியா என்று யாரையாவது கேட்டிருப்பாள்.