கடல் தாண்டிய ஜாடை

சர்பத் கடையில் எலுமிச்சை பிழிந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு, பொன்செல்வி மகனின் சட்டையைக் கழற்றுவாள். ஐஸ் பெட்டியிலிருந்து ஈரச் சட்டையை எடுத்து உதறி மாட்டிவிடுவாள்.

"சர்பத் ஐஸ்லயா சட்டையப் போட்டு வச்சிருக்க?" என்பார் குடிக்க வந்தவர்.

"உங்களுக்கு வேற பெட்டி, அவனுக்கு வேற பெட்டி. குடிங்க அண்ணாச்சி" என்பாள், நிமிராமல்.

இசக்கிராஜாவுக்கு ஆறு வயது. பிறவியிலேயே அவனுக்கு வியர்க்காது. பஞ்சு போல முடி, கூம்பு கூம்பாக நாலே பல். சங்கரன்கோவில் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் உடம்பு கொதித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சர்பத் பாட்டிலில் போனைச் சாய்த்து வைப்பாள். ஜெர்மனி, பிரேசில், கென்யா மருத்துவர்களும் இப்படிப் பிள்ளை பெற்றவர்களும் அதில் கூடுவார்கள். அவர்கள் பேசுவதை, இசக்கிராஜாவுக்கு வைத்தியம் பார்க்கும் ஜாய்லின் டாக்டர் அவளுக்குத் தமிழில் சொல்லுவார்.

"ஈரச்சட்டை நான் சொன்னது. இப்பம் கென்யாக்காரியும் செய்யுதா. டாக்டர்மாரு சரிதான்னு எழுதிக்கிட்டாக" என்று எலுமிச்சை மூட்டை இறக்குகிறவரிடம்கூடச் சொல்லிவிடுவாள்.

ஒரு சொல் மட்டும் அவளுக்குள் ஆறு வருடமாகக் கிடந்தது. நாத்தனார் ராஜேஸ்வரி தொட்டிலைப் பார்த்துச் சொன்னது: "எங்க வீட்டு ஜாடையே இல்லையே."

போன மாதம் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்த ராஜேஸ்வரி, "மேடையில போட்டோ எடுக்கையில பிள்ளைய மட்டும் கீழ உக்கார வச்சிருட்டி. மாப்பிள்ளை வீட்டுல எதுவும் கேப்பாக" என்றாள். பொன்செல்வி ஒரு சர்பத்தைக் கலக்கி அவளிடம் நீட்டினாள். போனில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ராஜேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"நம்ம பயல எப்பம் பிடிச்ச படம் இது? ரெண்டு வயசு கூடுதலாத் தெரியுதான்?"

படம் கையாட்டியது.

"படம் இல்ல மதினி, ஆளு. பிரேசில்ல இருக்கிற பய, கையோன்னு பேரு."

"இந்த வியர்க்காத குறை உள்ள பிள்ளைங்க எந்த நாட்டுல பொறந்தாலும் கூடப்பொறந்தவங்க மாதிரித்தான் இருப்பாங்க" என்றார் ஜாய்லின் டாக்டர். நடந்ததை அவர் மற்றவர்களுக்குச் சொல்ல, நாலு தேசமும் சிரித்தது.

"ஜாடை இல்லன்னியளே மதினி! எம்பிள்ளைக்குக் கடலுக்கு அங்கன அண்ணன் தம்பி இருக்கானுவ."

ராஜேஸ்வரி சர்பத்தை மடமடவென்று குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

கல்யாண மண்டபத்தில், "பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் வாங்க" என்றார் போட்டோக்காரர். பொன்செல்வி யார் முகத்தையும் பார்க்கவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு மேடையேறினாள். மணப்பெண்ணுக்கு முன்னால் அவனை நிறுத்தி, அவன் பஞ்சு முடியை மறைத்திருந்த தொப்பியைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.