பலகை பின்னால் போனது

நம்பினால் நம்புங்கள், இது எனக்கே நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் சும்மா. அப்போது பகல் பதினொன்றே கால். கராத்தே கூடத்தில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

அன்று எனக்குக் கறுப்பு பெல்ட் தேர்வு. கடைசிச் சோதனை, ஓடிவந்து எம்பிப் பலகையை உதைத்து உடைப்பது. பலகையைப் பிடிப்பவரை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது எங்கள் மாஸ்டரின் வழக்கம். பிடிப்பவர் கொஞ்சம் நகர்ந்தாலும் போச்சு. கால் காற்றில் போகும், முதுகு தரையில் விழும். நான் என் நண்பனைக் கூப்பிட்டேன். ஆறு வருடமாக என்னோடு சேர்ந்து அடி வாங்கியவன். அவன் நிற்க வேண்டிய இடத்தை மாஸ்டர் காட்டினார். பின்னால் இரண்டு சாண் இடைவெளி, அப்புறம் சுவர்.

"கண்ண மூடிட்டு வாடா. நான் இருக்கேன்ல," என்றான்.

ஓடினேன். எம்பினேன். பலகை ஒரு சாண் பின்னால் போனது. எப்படியோ சமாளித்துக் காலூன்றினேன்.

"ஏன்டா நகர்ற?"

"நான் நகரலடா..."

எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. அவன் கையில் மட்டும் முடி சிலிர்த்து நின்றது.

இரண்டாவது முறை ஓடினேன்.

சர்ர்ர்...

அவன் பாதங்கள் தரையில் தேயும் சத்தம். அடி எடுத்து வைக்கிற சத்தமில்லை. இழுபடுகிற சத்தம்...

டம்!

என் மணிக்கட்டு உடைந்தது. பெல்ட்டும் போனது.

"துரோகி!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். கூட இருந்தே குழி பறித்துவிட்டானே!

அவன் சட்டையைக் கழற்றினான்.

இரண்டு தோளிலும் விரல் தடங்கள். சிவப்பாக. பின்னாலிருந்து பிடித்தது போல...

மாஸ்டர் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தவரிடம் நேராகவே கேட்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாஸ்டர்?"

"இருபது வருஷம் ஆச்சு... போயிருக்கும்னு நினைச்சேன். பாத்துடலாம்னுதான் அவன அங்க நிறுத்தினேன்."

எங்களை வைத்துப் பார்த்திருக்கிறார்! தகப்பனுக்குச் சமமாக நினைத்த மனுஷன்!

"அங்க ஒரு பையன் உதைக்க வந்து விழுந்தான். கழுத்து முறிஞ்சு... அங்கயே போயிட்டான்."

"பலகையப் பிடிச்சது யாரு?"

அவர் என் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றார். "வேணும்னேதான் நகர்ந்தேன்."