வெறும் வயிற்றோடு வந்த நால்வர்

தொண்ணூறுகளில் தில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்தேன். எனக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து கல்யாணி என்றொரு பெண் அட்மிட் ஆகியிருந்தாள். நெஞ்சுக்குள், பெரிய ரத்தக்குழாயை ஒட்டி நிணநீர்க் கட்டி. டி.பி. என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தும் கரையவில்லை. கேன்சராக இருக்குமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். மறுநாள் காலை ஆபரேஷன். கை வைத்தால் ரத்தமாகக் கொட்டும், நாலு பாட்டில் தயாராக இல்லாமல் தொடமாட்டேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். எங்கள் ஸ்டாக்கிலிருந்து நாலு பாட்டில் எடுக்க வேண்டுமானால், பதிலுக்கு நாலு பேர் அன்று பகல் இரண்டு மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த தேதி ஒரு மாதம் கழித்துத்தான்.

கணவர் ராமநாதனுக்கு முன்பு மஞ்சள்காமாலை வந்திருந்ததால் அவரிடம் எடுக்க முடியாது. அவர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். தன் செக்ஷனிலிருந்து நாலு கிளார்க்குகளைக் கூட்டிவந்தார். முதலில் படுத்தவர் பாதியிலேயே மயங்கிவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன்.

"காலைல என்னய்யா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலை மேடம். பிளட்னா வெறும் வயித்துலதானே வரணும்?"

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். காபிகூடக் குடிக்காத புண்ணியவான்கள்!

"இது என்ன ஷுகர் டெஸ்டா? ஜல்தி கேன்டீனுக்குப் போய் ஆளுக்கு ரெண்டு பராட்டா சாப்பிட்டு வாங்க!" என்று கத்தினேன்.

மற்ற மூவரும் சாப்பிட்டு வந்து கொடுத்தார்கள். மயங்கியவரிடம் அன்று மறுபடி எடுக்க முடியாது. இன்னும் ஒருவர் வேண்டும். மணி ஒன்றரை. ராமநாதன் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவர்களுடைய செக்ஷன் ஆபீஸர் கோபமாக உள்ளே நுழைந்தார்.

"பார்லிமெண்ட் கொஸ்டினுக்குப் பதில் போகணும். மொத்த செக்ஷனும் இங்க உட்கார்ந்து ஜூஸ் குடிக்குதா?"

"சார், காலைல சாப்பிட்டீங்களா?"

"மூணு தோசை. ஏன்?"

"அப்ப சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வாங்க."

விஷயத்தைக் கேட்டதும் மனிதர் சட்டைக் கையை மடித்தார். விரலில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபின் பார்த்தேன், சரியாக இருந்தது. படுத்துவிட்டார்.

மறுநாள் ஆறு மணி நேர ஆபரேஷனில் மூன்று பாட்டில் ஏறியது. பத்து நாள் கழித்து ராமநாதன் ரிப்போர்ட்டோடு ஓடிவந்தார்.

"கேன்சர் இல்லையாம் மேடம்! காசல்மேன்னு ஏதோ அபூர்வமான வியாதியாம். கட்டியை முழுசா எடுத்துட்டதால வேற மருந்தே வேண்டாமாம்!"

அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கியது.

அன்று அவர்களிடம் கத்தியது என் தப்பு. ரத்தம் கொடுக்க நாலு பேரைக் கூட்டிவரும்படி முந்தின நாள் ராமநாதனிடம் சீட்டு எழுதிக் கொடுத்தவள் நான். சாப்பிட்டு வரச் சொல்லாதவளும் நான்தான். எனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்ற நினைப்பு! அந்த நினைப்பால் ஒரு பெண்ணின் ஆபரேஷனே தள்ளிப்போயிருக்கும். அதன் பிறகு ரிடையராகும்வரை, சீட்டை நீட்டும்போதே, "நல்லா சாப்பிட்டுட்டு வாங்க" என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொன்னேன். விருந்துக்கா கூப்பிடுகிறீர்கள் என்று சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், சாப்பிட்டுவிட்டு வந்தார்களே.