உள்ளங்கை அம்பாசிடர்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், என் பூக்கடை எதிரே வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் குப்புறக் கிடந்தார். மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தேன்.

"ஐயோ, காரு நனையுதும்மா!" என்று அலறினார்.

உள்ளங்கை நீளப் பழைய அம்பாசிடர் பொம்மையைத் தரையில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். செல்போனில் பார்த்தால் அசல் கார்! எனக்கும் ஆசை வந்துவிட்டது.

"என்னையும் அது பக்கத்துல நிக்க வச்சி புடிய்யா."

"பக்கத்துல நின்னா பொம்மைன்னு தெரிஞ்சிடும். பின்னாடி போங்க."

போனேன்.

"இன்னும் போங்க."

"இன்னாய்யா, வெள்ளிமலைக்கே போவட்டுமா?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். படத்தில் கார்க் கதவை ஒட்டி, முதலாளியம்மா மாதிரி நிற்கிறேன்.

மருமகளுக்கே ஓரடி பின்வாங்காதவள் நான். ஒரு பொம்மைக்காக ரோட்டையே தாண்டிவிட்டேன். கெஞ்சக்கூட இல்லையே அந்த மனிதர்!