மாமனார் போட்ட திருத்தம்

கப்பலில் நான் செகண்ட் ஆபீசர். கடல் வரைபடங்களில் வாராவாரம் திருத்தம் போடுவது என் தலையெழுத்து. எங்கோ ஒரு மிதவையை நகர்த்தினால்கூட ஊதா மையில் குறித்து, திருத்தத்தின் எண்ணைக் கீழே ஓரத்தில் எழுத வேண்டும். எல்லாம் கணினித் திரைக்கு மாறியபின், செல்லாத காகித வரைபடம் ஒன்றைப் பொன்னேரிக்கு, மாமனார் வீட்டு அலமாரியில் விரிக்க எடுத்துவந்தேன்.

பழவேற்காடு முதல் சென்னை வரை, கடலெங்கும் எண்கள். நெல் பயிரிடும் மாமனார் கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இந்த நம்பருங்கள்லாம் இன்னா மாப்ள?"

"அங்கங்க எவ்ளோ ஆழம்னு போட்டிருக்காங்க மாமா."

"நம்ப நெலம் எங்க?"

கரைக்கு இந்தப் பக்கம் நிலமெல்லாம் வெறும் மஞ்சள்தான். கடலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் புகைபோக்கிகளை மட்டும் குறித்திருந்தார்கள்.

"மூணு போகம் வெளையிற நெலத்த உட்டுட்டு, பொகபோக்கிய போட்டுக்கீறான். இத்த வேற வாராவாரம் திருத்துறீங்களா?"

என் ஊதாப் பேனாவைப் பிடுங்கி, மஞ்சளில் ஒரு புள்ளி வைத்துத் தன் போர்வெல்லின் ஆழத்தை எழுதினார்: இருநூறு. என்னைப் போலவே கீழே ஓரத்தில் 'ஒன்று' என்று திருத்த எண்ணும் போட்டார். மீட்டரில் எழுத வேண்டும் என்றேன். போர் வண்டிக்காரன் அடிக்கணக்கில்தான் தோண்டினான் என்றார். வரைபடம் அலமாரிக்குப் போகாமல் சுவரில் ஏறியது.

இந்தக் கோடையில் நடுக்கடலில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது.

"மாப்ள, தண்ணி எறங்கிப்போச்சு. இன்னும் நூறடி எறக்கிக்கீறோம். படத்துல முன்னூறுன்னு திருத்தி, ஓரத்துல ரெண்டுன்னு போட்டுட்டேன். கீழ நெறைய எடம் உட்டு வெச்சிக்கீறேன்."